தகரம் அடித்த வீடும் ஏற்காடு இ-பாஸும்: அடுத்த தொற்றுக்கு முன்

2020 கொரோனா காலத்தில், சேலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டை அடைத்துத் தகரம் அடித்தார்கள். அன்று சாயங்காலமே அந்த வீட்டு ஆட்களின் பெயரும் போன் நம்பரும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவர்களுக்குக் குணமாகி இரண்டு மாதம் கழித்தும் பால்காரர் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பால் ஊற்றினார்.

அடுத்த தொற்று வந்தால் டெஸ்ட் எடுப்பதும் யாரோடு பழகினோம் என்று சொல்வதும் வேண்டியதுதான், அதில் தகராறு பண்ணாதீர்கள். ஆனால் விவரம் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டப்படி, யார் யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. ஏற்காடு போக இ-பாஸ் கேட்டார்களே, அதற்கு வண்டி நம்பரும் தேதியும் கேட்டால் சரி. அதே வேலைக்கு ஒரு ஆப் உங்கள் போனில் இருக்கிற காண்டாக்ட் எல்லாவற்றையும் கேட்டால் எதற்கு?

'அழிக்கும் தேதியெல்லாம் சொல்ல முடியாது' என்றால் நம்பாதீர்கள். மத்திய அரசின் கொரோனா ஆப்பான ஆரோக்கிய சேதுவுக்கு 2020 மே மாதம் வந்த விதிமுறையிலேயே பொதுவாக 180 நாள் என்று வரம்பு போட்டிருந்தார்கள். ஆப் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் லொகேஷனைத் திறந்து விடுங்கள். முடிந்த பிறகு முதலில் கணக்கை அழித்துவிட்டு அப்புறம் ஆப்பை நீக்குங்கள், நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொற்று உள்ள வீடு என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்ட வந்தால் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்: பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எல்லாம் ஓய்ந்த பிறகுதான் முக்கிய வேலை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'ஏன் அழிக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். சேகரித்த விவரம் எந்தெந்தத் துறைக்குப் போனது, அழித்த தேதி என்ன, அழிக்கச் சொன்ன உத்தரவின் நகல், இப்படி ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலர் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.