விர்ச்சுவல் மெஷினுக்குள் வீட்டிலிருந்து நுழைய: சான்றிதழ் போடும் முறை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒருவரும் வர முடியவில்லை. தண்ணீர் வடிந்ததும் மூன்று ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் போட்டு, தூரத்திலிருந்து அதை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டிலிருந்தே வரும்படி செய்தேன். வாடிக்கையாளர்களின் கணக்கு மொத்தமும் அதற்குள்தான்.

முதல் நாளே நெல்லிக்குப்பத்திலிருந்து போன். “சார், மஞ்சளா ஒரு பெட்டி வருது. இந்தக் கம்ப்யூட்டர் யாருன்னு உறுதி பண்ண முடியல, இருந்தாலும் கனெக்ட் பண்ணவான்னு கேக்குது.”

“யெஸ் கொடும்மா” என்றேன். அது தப்பு. அன்றிரவு முழுக்க அது உறுத்தியது.

அந்தப் பெட்டி கேட்பது நியாயமான கேள்வி. ரிமோட் டெஸ்க்டாப்புக்காக விண்டோஸ் தானே ஒரு சான்றிதழ், அதாவது கணினிக்கான டிஜிட்டல் அடையாள அட்டை, உருவாக்கிக்கொள்ளும். அதை வைத்துத் தகவல் மறையாக்கப்பட்டுத்தான் போகிறது. ஆனால் மறுமுனையில் இருப்பது நம் மெஷினா, நடுவில் புகுந்த வேறொருவனா என்று வீட்டுக் கணினிக்குத் தெரியாது. வேறொருவனாக இருந்தால், கடவுச்சொல்லைப் பத்திரமாகப் பூட்டி அவன் கையிலேயே கொடுக்கிறோம். மேலும் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 6 மாதம். மாறும்போதெல்லாம் பெட்டி வரும், “யெஸ்” அழுத்திப் பழகிய கை நிற்காது. ஆகவே சாதாரண நாளில் அந்தப் பெட்டி வரவே கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு வேலையும்.

முதலில் பெயர். சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுக்கப்படும். ஊழியர் இணைக்கும்போது தட்டச்சும் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும். மெஷின்களுக்கு கெடிலம், பெண்ணை, பரவனாறு என்று நம் ஆறுகளின் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்தேன். வீட்டுக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பட்டியல்) பெயருக்கு நேரே ஐபி முகவரியை எழுதிவிடுங்கள்.

சான்றிதழ் செய்ய எக்ஸ்சிஏ என்ற இலவச மென்பொருள் போதும். புதிய டேட்டாபேஸ் திறந்து, நியூ சர்ட்டிபிகேட் கொடுத்து, செல்ஃப் சைன்ட் (தனக்குத்தானே கையொப்பமிட்டது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டில் டிஎல்எஸ் சர்வர் எடுத்து அப்ளை ஆல். சப்ஜெக்ட் பகுதியில் காமன் நேம் என்ற இடத்தில் மெஷின் பெயர். எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் என்ற இடத்திலும் டிஎன்எஸ் என்று குறித்து அதே பெயர். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். சான்றிதழோடு சேரும் ரகசியச் சாவி ஆர்எஸ்ஏ வகை, 2048 பிட்டுக்குக் குறையாமல்.

சொந்தமாக ஒரு சிஏ (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் தலைமைச் சான்றிதழ்) அமைத்து அதன்மூலம் மூன்றுக்கும் கையொப்பமிடலாமே என்று கேட்பீர்கள். நூறு மெஷின் இருந்தால் சரி. மூன்றுக்கு நான் வேண்டாம் என்பேன். அந்த சிஏவை ஊழியர் வீட்டுக் கணினி நம்பத் தொடங்கிவிட்டால், அதன் சாவி திருடு போகிற அன்றைக்கு எந்த வங்கித் தளத்துக்கும் போலிச் சான்றிதழ் செய்து அந்த வீட்டை ஏமாற்ற முடியும். நம் வசதிக்காக அவர்கள் குடும்பத்தை அதில் இழுக்கக் கூடாது.

செய்து முடித்ததை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாவியோடு சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பு மெஷினுக்கு மட்டும். சாவி இல்லாத சிஆர்டி கோப்பு வீட்டுக்கு.

மெஷினில் பிஎஃப்எக்ஸை இரட்டைக் கிளிக் செய்து, கரன்ட் யூசர் அல்ல, லோக்கல் மெஷின் என்று கொடுத்து, பெர்சனல் பகுதியில் இறக்குங்கள். பிறகு மேனேஜ் கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட்ஸ் திறந்து, அதன்மேல் வலது கிளிக், ஆல் டாஸ்க்ஸ், மேனேஜ் பிரைவேட் கீஸ். அங்கே நெட்வொர்க் சர்வீஸ் என்ற கணக்குக்கு ரீட் அனுமதி கொடுக்க வேண்டும். நான் இதை விட்டுவிட்டு, இணைப்பே கிடைக்காமல் ஒரு மாலை முழுக்கத் தவித்தேன். நல்லவேளை, ஹைப்பர்-வி கன்சோல் வழியாக எப்போதும் உள்ளே போகலாம். தொடங்கும் முன் ஒரு செக்பாயின்ட் (மெஷினைப் பழைய நிலைக்கே திருப்ப உதவும் பதிவு) எடுத்துவைத்தால் இன்னும் நிம்மதி.

அடுத்து, எந்தச் சான்றிதழ் என்று ரிமோட் டெஸ்க்டாப்புக்குச் சொல்ல வேண்டும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டெர்மினல் சர்வர், வின்ஸ்டேஷன்ஸ், ஆர்டிபி-டிசிபி வரை இறங்குங்கள். அங்கே ‘எஸ்எஸ்எல் சர்ட்டிபிகேட் எஸ்ஹெச்ஏ1 ஹாஷ்’ என்று இடைவெளியின்றி ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு பைனரி மதிப்பு உருவாக்கி, சான்றிதழின் தம்ப்பிரின்ட்டை (அதை மட்டும் அடையாளம் காட்டும் எண்-எழுத்துத் தொடர்) உள்ளிடுங்கள். 40 எழுத்து. ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் பிசகாது. பிறகு மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், செக்யூரிட்டி பகுதியில் செக்யூரிட்டி லேயரை எஸ்எஸ்எல் என்றே கட்டாயமாக்கி, என்எல்ஏவையும் (திரை திறக்கும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) கட்டாயமாக்குங்கள்.

இனி வீட்டுக் கணினி. சிஆர்டியை டிரஸ்டட் ரூட் பகுதியில் நிறுவுங்கள். நான் பென் டிரைவில் நேரில் கொண்டுபோய்ப் போட்டேன். அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஷோ ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட். சர்வர் அடையாளம் உறுதியாகாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் ‘டூ நாட் கனெக்ட்’ வைத்து, அந்த அமைப்பையே கோப்பாக டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். இனி “யெஸ்” கொடுக்க யாருக்கும் வழியில்லை.

சோதிக்க, அதே கோப்பில் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இணைய மறுக்க வேண்டும். மறுத்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழ் போட்டாயிற்று என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து முயல்பவனைச் சான்றிதழ் தடுக்காது. நாங்கள் வயர்கார்டு விபிஎன் (இணையத்துக்குள் மறையாக்கப்பட்ட தனிப்பாதை) வழியாக மட்டுமே நுழைகிறோம்.

காலாவதித் தேதியையும் யோசித்து வையுங்கள். அன்றைக்கு மூவருமே வெளியே நிற்பார்கள். 20ஆம் தேதி ஜிஎஸ்டி நெருக்கடியிலோ, ஜூலை மாத வருமான வரி வேலையிலோ அது விழக்கூடாது. நான் மே முதல் வாரத்தில் முடியும்படி வைத்திருக்கிறேன். மாற்றும்போது புதிய சிஆர்டியை முதலில் மூன்று வீட்டிலும் நிறுவிவிட்டு, அதன் பிறகே மெஷினில் தம்ப்பிரின்ட்டை மாற்றுங்கள்.