'மோல்டு' ஒரே சொல் என்று நினைக்காதீர்கள்

உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ ஊற்றி உருவம் எடுக்கிற அச்சுக்கு ஆங்கிலத்தில் மோல்டு. ஈரச் சுவரில் படரும் பூஞ்சணமும் மோல்டு, மட்கிப் பொடிந்த மண்ணும் மோல்டு. உடனே சிலர் மூன்றுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்: பூஞ்சணம் தான் படர்ந்த பொருளின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறதாம், அதனால்தான் அந்தப் பெயராம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. மூன்றும் வேறு வேறு சொற்கள், ஒலி மாறி மாறி ஒரே உருவில் வந்து நிற்கின்றன. நம் 'அச்சு' மட்டும் என்ன, வார்க்கிற அச்சு வேறு, வடமொழி 'அக்ஷ'த்திலிருந்து வந்த வண்டி அச்சு வேறுதானே.

வார்க்கிற மோல்டு லத்தீனின் 'மோடுலுஸ்' வழி வந்தது. 'மோடுஸ்' என்றால் அளவு, மோடுலுஸ் சின்ன அளவு. அது பழைய பிரெஞ்சில் சுருங்கி, டகரமும் லகரமும் இடம் மாறி ஆங்கிலத்துக்குள் வந்தது. மாடல், மாட்யூல் எல்லாம் இதே குடும்பம்தான். பூஞ்சண மோல்டுக்கு உறவு ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழிப் பக்கம். மண் மோல்டோ பழைய ஆங்கிலத்திலேயே 'மோல்டெ' என்று இருந்தது, அதன் வேருக்கு அரைப்பது, பொடிப்பது என்று பொருள்.

இதெல்லாம் மொழிபெயர்க்கும்போதுதான் காலை வாரும். 'லீஃப் மோல்டு' என்று பார்த்ததும் இலைப் பூஞ்சணம் என்று எழுதிவிடாதீர்கள், தோட்டக்கலையில் அது மட்கிய இலை உரம். ஆனால் தக்காளி பற்றிய கட்டுரையில் அதே பெயர் வந்தால் நிஜமாகவே பூஞ்சண நோய்! பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் வேறு வழியில்லை. கலப்பையின் 'மோல்டுபோர்டு' அச்சுப் பலகையும் அல்ல, மண்ணைப் புரட்டிப் போடுகிற வளைந்த பலகை.

அப்புறம் எழுத்துக்கூட்டல். 'யு' இருந்தால் பூஞ்சணம், இல்லாவிட்டால் அச்சு என்று ஒரு விதி சுற்றுகிறது, நம்பாதீர்கள். பிரிட்டனில் மூன்றுக்கும் 'யு' உண்டு (mould), அமெரிக்காவில் மூன்றுக்கும் கிடையாது (mold).

பறவை இறகு உதிர்ப்பதைச் சொல்கிற 'மோல்ட்' நாலாவது ஆள், மாறுதலைக் குறிக்கும் லத்தீன் 'முடாரே'யிலிருந்து வந்தது, நடுவில் உள்ள 'எல்' பிற்பாடு நுழைந்தது. கடைசி எழுத்தில்தான் வித்தியாசம், அங்கே d, இங்கே t (moult). தமிழில் எழுதினால் அதுவும் சரியாகத் தெரியாது.