சாணைக் கல்லைத் தட்டிப் பார்க்கும் வேலையைப் புது ஹெல்பரிடம் கொடுங்கள்

தரையில் நிற்கும் சாணை மெஷினான பெடஸ்டல் கிரைண்டரில் புதுக் கல் மாட்டும் முன், அதை விரலில் தொங்கவிட்டு ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்கும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த ஹெல்பரிடம் கொடுங்கள், அவர் வேண்டாம் என்றால் அந்தக் கல்லை யாரும் மாட்டக் கூடாது. நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது டொக்கென்று அடங்கிவிடும், ஓடும்போது வெடித்துச் சிதறுவது அதுதான்.

சென்னையில் மணலி, வியாசர்பாடிப் பட்டறைகளில் புதிதாக வந்தவர்கள் சந்தேகம் வந்தாலும் மேஸ்திரி திட்டுவார் என்று வாயைத் திறப்பதில்லை. தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் பளு தூக்கும் செயின் பிளாக்கோ கரண்ட் ஒயரோ, எது சரியில்லை என்றாலும் அவர்களே வந்து சொல்வார்கள்.

ஈரக் கல்லில் சத்தம் சரியாக வராது, காய்ந்த பிறகு தட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரின் கட்டிங் வீலுக்கு இது பொருந்தாது, ரெசின் என்ற பிசின் சேர்த்தது என்பதால் நல்லதே மந்தமாகத்தான் ஒலிக்கும்.