ஓர்க்கை வெறுக்கும் எல்ஃபாக ஆடும்போது செய்யக் கூடாதவை

ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகப் பேசிக் கதை ஆடும் ஆன்லைன் ரோல்பிளேயில் அதிகமாகச் சண்டை மூட்டும் வாக்கியம் எது என்று கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான்" என்பதைத்தான் சொல்வேன். அந்தக் கேரக்டரை உருவாக்கியது யார்? எல்ஃப், ஓர்க் எல்லாம் மாயக்கதைகளில் வரும் இனங்கள்; ஓர்க்கைக் கண்டாலே காறித் துப்பும் எல்ஃப் வேண்டும் என்று முடிவெடுத்தது நீங்கள்தானே. பழியை எல்ஃபின் தலையில் போட்டுவிட்டு நழுவ முடியாது.

அதற்காக வெறுப்பே கூடாது என்றில்லை. இனப்பகை இல்லாவிட்டால் பாதிக் கதைகள் நகராது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு பகையைத் தன் அமைப்பிலேயே வைத்தது. அதில் ஹோர்டு, அலையன்ஸ் என்று இரண்டு எதிரணிகள்; ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஹோர்டு பக்கத்தவர் சிரிப்புக்கு 'லோல்' என்று தட்டினால் அலையன்ஸ்காரர் திரையில் 'கெக்' என்றுதான் விழும். அந்தப் பகை யாரையும் குத்தவில்லை. அது அந்த உலகத்தோடு பிறந்து அங்கேயே நிற்கிறது.

குத்துவது நிஜ உலக அவமானத்தைப் பெயர் மாற்றிக் கொண்டுவருவது. ஒரு சத்திரக் காட்சி என்று வையுங்கள். சத்திரக்காரன் அரை-ஓர்க்குக்கு மட்டும் தனிக் குவளையை நீட்டுகிறான். எழுதியவருக்கு அது காட்சிக்கு ஒரு மெருகு, அவ்வளவுதான். எதிரில் ஆடுபவர் இரட்டைக் குவளை டீக்கடையில் நின்றவராக இருந்தால், அவருக்கு அதில் கற்பனை எங்கே இருக்கிறது? அதே சத்திரக்காரன் "போன குளிர்காலத்தில் உன் கூட்டம் எரித்த பாலத்துக்கு யார் காசு கொடுப்பது?" என்று முறைக்கட்டும். வெறுப்பு குறையவில்லை. ஆனால் அரை-ஓர்க்குக்குப் பதில் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது: மறுக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், பாலத்தைக் கட்டித் தருகிறேன் என்று சவடாலும் விடலாம்.

கேட்காமல் இறங்குவதும் தவறுதான். 'கோடு', 'திரை' என்ற பழக்கத்தை விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் 2003-இல் எழுதிவைத்தார். கோடு என்றால் கதையில் வரவே கூடாதது. திரை என்றால் நடந்ததாக வைத்துக்கொண்டு விவரிக்காமல் விடுவது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், காட்சிக்கு முன் இரட்டை அடைப்புக்குறிக்குள், கேரக்டராக அல்லாமல் நீங்களாகவே, ஒரு வரி போதும். எதிரில் ஆடுபவர் கொம்புள்ள அரைப்பேய் இனமான டீஃப்ளிங் என்று வையுங்கள்: ((காவலன் உங்கள் டீஃப்ளிங்கைக் கேவலமாகப் பேசுவான், சரியா? கொம்பைப் பற்றிப் பேசட்டுமா, வேண்டாமா?)) "வேண்டாம்" என்று பதில் வந்தால் ஏன் என்று துருவாதீர்கள்.

அப்புறம் கூட்டம் சேர்வது. ஒரு காவலன் முறைத்தால் அது காட்சி. ஐந்து பேர் வரிசையாக வந்து அதே டீஃப்ளிங்கை மட்டம் தட்டினால், கீபோர்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த மாலை முழுக்க வசவு வாங்கியவர் ஆகிறார்.

மாடரேட்டர்கள் வழுக்குவது வேறு இடத்தில். புகார் வந்ததும், பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும் லாகில் ஒற்றை வரியை எடுத்துவைத்து, இது கேரக்டர் பேச்சா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் பழைய காட்சிகளைப் புரட்டுங்கள். ஒருவர் எல்ஃபாக வந்தார், பிறகு குள்ளராக வந்தார், பிறகு மந்திரவாதியாக வந்தார்; மூன்று முறையும் அவருடைய கேரக்டர் வெறுத்தது ஒரே ஆட்டக்காரரின் கேரக்டரை என்றால், அங்கே எல்ஃபை விசாரிக்க ஒன்றும் இல்லை.