ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீரென்று மாறினால் என்ன செய்வது?

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை ராத்திரி அலறி எழுகிறது, மறுபடி படுக்கையை நனைக்கிறது, இருந்த கொஞ்சப் பேச்சையும் நிறுத்திவிட்டது. உடனே "ஆட்டிசம் கூடிப்போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். பள்ளிக்குப் போகும் வயதில் ஒரே வாரத்தில் இப்படி மாறினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வலிப்பு. அதெல்லாம் இல்லையென்றால், பிடிஎஸ்டி எனும் மனக்காயமா, அதாவது பயங்கரமான ஒன்று நடந்தபின் மனதில் தங்கிவிடும் பாதிப்பா என்று யோசியுங்கள்.

சத்தத்துக்குத் திடுக்கிடுவது, ஆட்களிடமிருந்து விலகுவது, தூக்கமின்மை எல்லாம் ஆட்டிசம், பிடிஎஸ்டி இரண்டிலுமே உண்டு, டாக்டர்களே குழம்புவது அதனால்தான். அதனால் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல், உங்கள் பிள்ளை முன்பு எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது பழைய விஷயம். ஆனால் முன்பெல்லாம் ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் வாசலுக்கு ஓடிய பிள்ளை இப்போது ஷூவை ஒளித்துவைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டால், அது புதுசு. எந்த இடம், எந்த ஆள், எந்த நேரம் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.

விளையாட்டையும் கவனியுங்கள். பொம்மையின் கையைத் துண்டால் கட்டிக் கட்டி அவிழ்க்கிறதா? "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று யாரோ ஒருவர் குரலிலேயே திரும்பத் திரும்பச் சொல்கிறதா? அதட்டி அடக்காதீர்கள், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எங்கேயோ கேட்டதை அதே தொனியில் திருப்பிச் சொல்வது இந்தப் பிள்ளைகளிடம் சகஜம், நடந்ததைச் சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுவாகவும் இருக்கலாம்.

கேட்கும்போது "அந்த சார் அடிச்சாரா?" என்று நீங்களே பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள். படம், அட்டை, வரைதல், டைப் செய்வது என எது வருமோ அதில் அதுவாகவே காட்டட்டும். அதுவரை பயப்படும் இடத்துக்கு "பழகிடும்" என்று இழுத்துப் போகவே வேண்டாம். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அப்புறம் டாக்டர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி பிடிஎஸ்டி என்று சொல்ல உயிராபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை போன்ற ஒன்று நடந்திருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்த கேலி, ஊசி போட நாலு பேர் அமுக்கிப் பிடித்தது போன்றவற்றாலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதே அறிகுறிகள் வரலாம். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று டாக்டர் கேட்டால் எழுந்து வந்துவிடாமல் நோட்டைக் காட்டுங்கள். மனக்காயத்துக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி கெட்ட நினைவை ஆற்றும் சிகிச்சை) இரண்டையும் இவர்களுக்கேற்ப மாற்றிச் செய்ய முடியும்: அதே அறை, அதே நேரம், குறுகிய அமர்வு, பேச்சுக்குப் பதில் படம். ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்த அனுபவம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

யாரிடம் போவது என்றே தெரியவில்லையா? அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பள்ளியில் அடித்தார்கள் என்று தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.