உத்திரக் கணக்கு மட்டும் 35 மடங்கானது ஏன்?

வாளையாறு எல்லையை ஒட்டிய ஒரு கிடங்குக்காக, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய கணினி மாதிரியிலிருந்து கான்கிரீட் அளவுகளைத் திரட்டி எக்செல்லில் ஒப்பிட்டபோது, தூண்களின் கணக்கு சரியாக இருக்க, உத்திரங்களின் கணக்கு மட்டும் மலைபோல் நின்றது. பாலக்காட்டு ஒப்பந்ததாரர் மாதிரியையே நம்ப மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

230க்கு 450 மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் 4 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் உத்திரத்தைக் கையால் பெருக்கினால் 0.414 கன மீட்டர் வருகிறது, பட்டியலிலோ 14.62 என்றிருந்தது. ஒரு கன மீட்டருக்கு 35.31 கன அடி என்பதால் விஷயம் விளங்கிவிட்டது. தூண் அளவுகள் ரெவிட்டின் அளவுப் பட்டியலான ஷெட்யூலிலிருந்து, திரையில் தெரியும் அலகிலேயே வந்தவை. உத்திர அளவுகளை ஏபிஐ (வெளி நிரல்கள் ரெவிட்டிலிருந்து தரவை நேரடியாக எடுக்க உதவும் இடைமுகம்) வழியாக ஒரு பழைய பைத்தான் நிரல் எடுத்திருந்தது. மெட்ரிக் அலகைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ரெவிட் உள்ளுக்குள் கன அளவைக் கன அடியிலேயே சேமிக்கிறது.

எக்செல்லில் 35.31ஆல் வகுத்துவிட்டால் போதும் என்றார்கள். நீளத்துக்கும் பரப்புக்கும் வகுஎண் வேறு என்பதால் நான் அதை ஏற்காமல், ரெவிட் தரும் அலகுமாற்றச் செயற்கூற்றை நிரலிலேயே சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் எலிமென்ட் ஐடிக்கு (மாதிரியில் அந்த உறுப்பின் அடையாள எண்) பக்கத்தில் அலகையும் எழுதச் செய்தேன்.