வட்டைக்குள்ளால் ஓர் இணைப்பு வீதி: போடுமுன் பார்க்கவேண்டியவை

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கத்து ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும். நடுவில் ஓடும் ஏ4 வீதியில்தான் எல்லா வாகனமும் வந்து விழுகிறது. ஊருக்குப் பின்னால் வட்டைக்குள்ளால், அதாவது வயல்வெளிக்குள்ளால், ஒரு வீதி திறந்தால் நெரிசல் தீரும் என்று எல்லோரும் சொல்வார்கள். சில இடங்களில் தீரும். எந்த இடத்தில் என்பதை எண்ணித்தான் அறியவேண்டும்.

ஊரின் இரு முனையிலும் இரண்டிரண்டு பேரை நிறுத்துங்கள். காலை 6:30 முதல் 8:30 வரையும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும், வாகன இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை நேரத்தோடு எழுதவேண்டும். வெள்ளிக்கிழமையும் சந்தை நாளும் வேண்டாம். நிற்காமல் ஓடினால் ஆகும் நேரத்துக்குள் இரண்டு பட்டியலிலும் வரும் இலக்கங்கள் ஊரைக் கடந்து போகிறவை. அவை பாதிக்கு மேல் இருந்தால் வீதிக்கு வேலை உண்டு. குறைவாக இருந்தால் நெரிசலுக்குக் காரணம் கடைவாசலில் நிறுத்துவதும் பஸ் தரிப்பிடமும்தான். அதற்கு வீதி வெட்டுவது வீண்செலவு.

பத்து மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் காணி போகும். "றோட்டுக்குத்தானே, எடுங்க" என்று வாயால் சொன்ன சம்மதத்தை நம்பி மண் வெட்டும் பெக்கோவை இறக்காதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் பங்காளி ஒருவர் வந்து மறித்தால் வேலை பாதியில் நிற்கும். நில அளவையாளர் வரைபடத்தோடு உள்ளூராட்சி சபையின் பேரில் காணி உறுதி எழுதியாகவேண்டும். கொடுக்க மறுப்பவர் காணிக்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி எடுத்தற் சட்டம்தான் வழி; அதற்குக் காலம் பிடிக்கும். நெற்காணியை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஏ4 வீதியில் இணைக்க வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி தேவை.

இனித் தண்ணீர். வயலுக்குக் குறுக்கே போடும் வீதி மாரியில் அணைக்கட்டாகிவிடும். மேற்பக்க வட்டை மூழ்கினால் விவசாயிகளே வீதியை வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வயல் நீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையோடு ஒருமுறை நடந்து, ஒவ்வொரு வடிச்சல் வாய்க்காலையும், பெருவெள்ளம் நின்ற மட்டத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். வீதியின் மேல்மட்டம் அந்த வெள்ள மட்டத்துக்கு அரை மீற்றராவது மேலே இருக்கட்டும். வெள்ளம் அகலமாகப் பாயும் இடத்தில் உயர்த்தாமல், கிட்டங்கியில் இருப்பதுபோல் வெள்ளம் மேலால் பாய்ந்துபோகும் தாழ்ந்த கொங்கிரீட் தாம்போதி போட்டு, இருபுறமும் வழிகாட்டிக் கட்டைகளும் நீர்மட்ட அளவுகோலும் நடுவதே நல்லது. ஆனால் தாம்போதி மேல் வெள்ளம் பாயும் நாளில் அந்த வீதி மாற்றுவழி ஆகாது. அதைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் மதகில் அடிக்கடி நடக்கும் பிழை, குழாயின் அடியை வயல் மட்டத்தில் வைப்பது. வாய்க்காலின் அடிமட்டத்தில் வைக்காவிட்டால் கடைசி ஓரடித் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். 600 மில்லிமீற்றர் ஹியூம் (கொங்கிரீட்) குழாய் மலிவுதான்; ஆனால் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்ச்செடி வந்து அடைத்தால் உள்ளே ஆள் இறங்க முடியாது. 900க்குக் குறையாதீர்கள். குழாயின் இரு பக்கத்தையும் 15 சென்ரிமீற்றர் படைபடையாக நிரப்பி இறுக்கவேண்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு மாரியிலேயே பள்ளம் விழுந்து மோட்டார் சைக்கிள்கள் தூக்கியடிக்கும்.

அடித்தளத்தில் முதலில் வேரோடு மேல்மண்ணை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை வழித்தெடுங்கள். கடற்கரைப் பக்கத்து மணலைக் காய்ந்தபடி றோலர் ஓட்டினால் இறுகாது, பக்கமாக நகரும். நனைத்து, அதிர்வு றோலரால் இறுக்கி, உடனே கிரவலால் மூடவேண்டும். வயல் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். ஈரமாக இருக்கும்போது அதன்மேல் எதையும் கொட்டாதீர்கள்.

கிரவல் படை இறுகியபின் 15 சென்ரிமீற்றர், எட்டு மீற்றர் அகலம் என்றால் கிலோமீற்றருக்கு 1,200 கனமீற்றர். இறுகும் அளவையும் சேர்த்தால் ஏறத்தாழ 550 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் டிப்பரில் 180 லோட்டுக்கு மேல். மண் பாரம் தாங்கும் வலுவைக் காட்டும் சிபிஆர் சோதனையில், ஊறவைத்த நிலையில் 30க்குக் குறைந்த கிரவலைத் திருப்பியனுப்புங்கள். அதன்மேல் ஆறு மீற்றர் அகலத்தில் 15 சென்ரிமீற்றர் ஏபிசி எனும் உடைகல் கலவை. நீர்க்குழாயும் வயரும் பிறகு குறுக்கே போக, ஏபிசி போடுமுன்னரே பீவீசி குழாய்களைப் புதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது வீதியை ஆறு மாதத்தில் வெட்டுவார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீற்றருக்கு இரண்டரை சென்ரிமீற்றர் சரிவு விட்டு, ஐந்து சென்ரிமீற்றர் காபட் (தார்க்கலவை மேல்படை). மண்வேலையை மே மாதம் தொடங்கினால் செப்டெம்பருக்குள் காபட் முடியும். ஒக்டோபரில் திறந்த கிரவலோடு நிற்பது ஆபத்து.

பிரதான வீதியில் சேரும் சந்தி நேர்கோணத்தில் இருக்கட்டும். கடைசிப் 15 மீற்றர் சமதளமாக வேண்டும். வயலிலிருந்து ஏறிவரும் லொறி சரிவில் நின்றால் பின்னுக்கு உருளும். பள்ளிக்கூட வாசலுக்கோ பள்ளிவாசல், கோயில் முன்றலுக்கோ கொண்டுபோய் இணைத்தால் பழைய நெரிசல் இடம்மாறும், அவ்வளவுதான்.

ஒப்பந்தகாரரின் தடுத்துவைத்த பணத்தை ஒரு முழு மாரி முடியுமுன் விடுவிக்காதீர்கள். ஜனவரி கடைசியில் ஒவ்வொரு மதகின் இரு வாயையும், வீதி ஓரத்து அரிப்பையும் நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகு கையொப்பமிடுங்கள்.